போதகர் வேண்டி ஒரு ஜெபம்

அத்தியாயம் 17

ஒரு வருஷம்தான் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிய மனிதருக்கு இன்றோடு அந்த ஒரு வருஷம் முடிகிறது.

ரைண்டர் ராட்டர்டாமுக்கு வந்தது போன செப்டம்பரில். வடக்கே அவர் இருந்த சபையைப் பக்கத்துச் சபையோடு சேர்த்து, இனி ஒரு போதகர் போதும் என்று முடிவு செய்தார்கள். அந்த ஒருவர் இவராக இல்லை. ராட்டர்டாமின் தென்கரையில், டிராம் பாதையை ஒட்டிய செங்கல் கோயிலுக்கு ஒரு வருஷத்துக்கு ஆள் தேவை என்றார்கள். சரி என்றார்.

மனைவி ஹில்கே வரவில்லை. பண்ணை பண்ணையாகப் போய் மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பவள் அவள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது. மகள் மாரிட்டுக்கு நர்ஸிங் படிக்க இடம் கிடைத்தது ராட்டர்டாமில். ஆக, அப்பாவும் மகளும் தெற்கே போனார்கள், அம்மா தங்கிவிட்டாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை வருவாள். ஞாயிறு மாலை ஐந்து மணி ரயிலில் திரும்பிவிடுவாள். ஒரு வருஷம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அந்த வருஷம் எப்படி ஓடியது என்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் பாட்டை ஏழு பாஷைகளில் ஒரே நேரத்தில் பாடி, யாரும் யாருக்காகவும் நிற்காமல் ஆளுக்கொரு இடத்தில் முடித்தார்கள். வெள்ளிக்கிழமை தொடங்கிய ஒரு கானாக்காரர் சாவு வீடு ஞாயிறு மத்தியானம்தான் கலைந்தது. ஈஸ்டருக்கு ஈரானிலிருந்து வந்த பதினோரு பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள். ஒவ்வொருவரும் தண்ணீரைவிட்டு எழுந்து போதகரைக் கட்டிக்கொண்டு அழுததில் அவர் அங்கி இரண்டு நாள் காயவில்லை.

தெரியாத விஷயங்கள் இரண்டு. அதுவும் நமக்கல்ல, அந்தத் தம்பதிக்கு. ஜூன் மாதத்தில் சபை மூப்பர்கள் ரைண்டரை நிரந்தரமாக இருந்துவிடச் சொல்லிக் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார், மனைவியிடம் மூச்சு விடவில்லை. ஜூலையில் ஹில்கே ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்க்கும்போது, அதன் சொந்தக்காரர் ஹார்மிடம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். செப்டம்பருக்குப் பிறகு தன் வீட்டுக்காரர் சும்மாதான் இருப்பார் என்றாள். ஹார்மின் ஊரான நோர்டர்டைக்கில் இரண்டு வருஷமாகப் போதகர் இல்லை. அந்த ஊர் ஹில்கேயின் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். ஒரு வாரம் கழித்து அவளே அந்தச் சபைக்கு ஒரு கடிதமும் எழுதினாள். கணவனிடம் மூச்சு விடவில்லை.

இன்றைக்கு, அந்த நோர்டர்டைக் சபையின் கமிட்டி ராட்டர்டாம் வருகிறது.

இந்த நாட்டில் போதகர் இல்லாத சபை இப்படித்தான் செய்யும். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, பிடித்த போதகர் பேசும் கோயிலுக்கு அனுப்பும். அவர்கள் யாரோ வழிப்போக்கர்கள் மாதிரி தனித்தனியாக உட்கார்ந்து பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பெண் பார்க்கும் படலம்தான். என்ன, பஜ்ஜி சொஜ்ஜி கிடையாது, பெண்ணுக்கே விஷயம் தெரியாது.

*

காலை ஏழு மணிக்கு ஹில்கே கணவனின் அங்கியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவள் இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சமையலறை வாசலில் வந்து நின்ற மாரிட்டுக்கு உடனே சந்தேகம்.

“உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?”

“ஏன், உங்கப்பா அங்கியை நான் தேய்க்கக் கூடாதா?”

“தாராளமா தேய். ஈஸ்டருக்கே தேய்க்கலையேன்னு பார்த்தேன்.”

ஹில்கே காலரைப் பிடித்துத் தேய்த்தாள். ரைண்டர் முகத்தைத் துடைத்தபடி வந்தார். இன்றைக்கு என்ன பிரசங்கம், எவ்வளவு நேரம் என்று அவள் கேட்டாள். பதினைந்து நிமிஷம் என்றார். அதற்கு மேல் போனால், ஆராதனைக்குப் பிறகு சபைக்குச் சாப்பாடு போடும் சுல்மிரா அம்மாளின் மீன் குழம்பு அடிப்பிடித்துவிடும், அந்தப் பழி தன் தலையில் விழும் என்றார். வடக்கத்திக்காரர்கள் அரை மணி நேரத்துக்குக் குறைந்த எதையும் பிரசங்கம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்களே என்று நினைத்த ஹில்கே இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“இன்னிக்கு ஒரு நாள் கொஞ்சம் நல்லா, நீட்டிப் பேசேன்.”

“யாருக்காக?”

“எனக்காகத்தான். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வர்றேன். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிட்டு வர்றேன்.”

அவர் சிரித்தார். அருகில் வந்து அவள் தோளில் முகவாயை வைத்துக்கொண்டார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத வைக்கோல் வாசனை அவளிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை வரையாவது இரேன் என்று கேட்க வாயெடுத்தார். திங்கட்கிழமை மாடுகள் இருக்கின்றன. எப்போதும் திங்கட்கிழமை மாடுகள் இருக்கின்றன. அவளை விட்டுப் பிரிந்திருக்கும் நாட்களில்கூட இவ்வளவு வலிக்கவில்லை, இதோ இப்படிப் பக்கத்தில் இருந்துகொண்டு மணியைப் பார்க்கும்போதுதான் வலித்தது.

“இன்னியோட ஒரு வருஷம்,” என்றார்.

“தெரியும். நான்தானே எண்ணிட்டிருக்கேன்.”

“சாயங்காலம் ரயிலுக்கு முன்னாடி ஒண்ணு பேசணும்.”

“எனக்கும் ஒண்ணு பேசணும்,” என்றாள் ஹில்கே.

மாரிட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கல்லூரி திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதற்குள் இந்த வீட்டில் ஏதோ ஒன்று நடக்கப் போகிறது என்று மட்டும் புரிந்தது.

*

பத்து மணிக்கு ஆராதனை. பத்தே காலுக்குத்தான் பாதிப் பேர் வந்து சேருவார்கள், அதில் இந்தச் சபைக்கு வெட்கமே கிடையாது. ஆனால் இன்றைக்கு ஒன்பதே முக்காலுக்கே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் கருநீலக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாள். தூணுக்குப் பக்கத்தில் மெலிந்த ஒருவர். கடைசி வரிசையில் காற்றிலும் மழையிலும் முகம் சிவந்த பெரிய உருவம் ஒன்று, பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

ஹில்கே உள்ளே வரும்போது அந்தப் பெரிய உருவம் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டிவிட்டது. ஹில்கே பார்க்காத மாதிரி போனாள். மாரிட் பார்த்துவிட்டாள்.

ரைண்டர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் அந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் பையிலிருந்து புதினா மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். வடக்கே எல்லாக் கோயிலிலும் அதுதான் வழக்கம். மேலேயிருந்து பார்த்த ரைண்டருக்கு மூன்று காகிதம் மூன்று திசையில் சரசரத்தது கேட்டது. இருபத்தைந்து வருஷமாகப் போதகராக இருப்பவருக்கு அது போதும். இது கமிட்டி.

நெஞ்சு ஒரு முறை துள்ளியது. அது சந்தோஷமா பயமா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வடக்கு என்றால் வீடு. வீடு என்றால் ஹில்கே. காலையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் காபி குடிக்கலாம். அந்தப் பேசாத காபிக்காக ஒரு வருஷமாக அவர் ஏங்கிக் கிடக்கிறார். கண் முன்னால் உட்கார்ந்திருந்த நூற்று இருபது முகங்களைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு முன்னால் இதில் ஒரு பெயர்கூட அவர் வாயில் நுழையவில்லை. இப்போது யாருக்கு எந்தக் கால் வலிக்கும் என்பதுவரை தெரியும்.

பதினைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

அடுத்தது விருந்தினர் நேரம். அதுதான் கமிட்டிக்குத் தெரியாத சங்கதி. இந்தச் சபையில் புதிதாக வந்த எவரும் தப்ப முடியாது. எழுந்து நின்று பெயரையும் ஊரையும் சொல்லி, தனக்காக எதை ஜெபிக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். பிறகு மொத்தச் சபையும் அவரவர் பாஷையில், வாய்விட்டு, ஒரே நேரத்தில் ஜெபிக்கும். பல பேர் இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்தில் அப்படி எழுந்து நின்றுதான் இங்கே சேர்ந்தவர்கள். அதனால் இதை ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நடத்துவது மூப்பர் க்வேகு. வார நாட்களில் டிராம் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமையும் யாரும் இறங்காமல் போய்விடக் கூடாது என்பது போலவே ஒவ்வொரு வரிசையாகப் பார்ப்பார்.

கருநீலக் கோட்டு அம்மாள்தான் முதலில் மாட்டினார். பெயர் ஃபென்னா, ஊர் நோர்டர்டைக், சும்மா ராட்டர்டாம் சுற்றிப் பார்க்க வந்தேன் என்றார். பேரனின் பரீட்சைக்கு ஜெபிக்கும்படி கேட்டார். காது மட்டும் சிவந்திருந்தது. தூணுக்குப் பக்கத்திலிருந்தவர் யான். ஊர் நோர்டர்டைக். முட்டிவலிக்கு ஜெபம் வேண்டும் என்றார். கடைசியில் ஹார்ம் எழுந்தார். ஊரைச் சொன்னதும் க்வேகு மைக்கைத் தாழ்த்திவிட்டு மூவரையும் பார்த்தார்.

“மூணு பேரும் ஒரே ஊரா? அப்புறம் ஏன் மூணு மூலைல உட்கார்ந்திருக்கீங்க? உங்களுக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா?”

யாரும் பதில் சொல்லவில்லை. அது போதுமே. இந்தச் சபையில் ஒரே ஊர்க்காரர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூன்று பெண்கள் எழுந்துபோய் ஃபென்னாவையும் தூணோரத்து மெலிந்தவரையும் கைப்பிடித்துக் கூட்டி வந்து ஹார்மின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சமாதானத்துக்காக ஜெபிப்போம் என்று க்வேகு கையை உயர்த்தினார். ஹில்கேக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஹார்ம் மட்டும் உட்காரவில்லை. கோயிலுக்குள் நின்று பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“சண்டையெல்லாம் இல்லைங்க,” என்றார். “எங்க சபைக்கு ரெண்டு வருஷமா போதகர் இல்லை. மார்ச் மாசம் என் பொண்டாட்டி போய்ட்டா. அடக்கம் பண்ண வெளியூர்லருந்து வந்தவருக்கு அவ பேரே தெரியலை, சீட்டைப் பார்த்துப் படிச்சார். நாங்க ஒரு போதகரைத் தேடித்தான் கிளம்பி வந்திருக்கோம். கிடைக்கணும்னு கேட்டுக்குங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

இதைக் கேட்ட பிறகு அந்தச் சபையைப் பிடித்து நிறுத்த முடியுமா? பெண்சாதியைப் பறிகொடுத்தவர், அவள் பெயர்கூடத் தெரியாத ஆள் அடக்கம் செய்தது, மேய்ப்பனில்லாத ஊர். ஒரே வீச்சில் நூற்று இருபது குரல் எழுந்தது. ட்வி, பாரசீகம், போர்ச்சுகீசு, டச்சு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. கேப் வெர்டே தீவுகளிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வந்த சுல்மிரா அம்மாள் வரிசையைத் தாண்டிப் போய் ஹார்மின் தோளில் கை வைத்தார். ஆண்டவரே, இவங்களுக்கு நல்ல போதகரைக் கொடும், தாமதம் பண்ணாதேயும், இந்த வருஷமே கொடும் என்று க்வேகு மைக்கில் முழங்கினார்.

‘இந்த வருஷமே’ என்ற இடத்தில் அவர் குரல் நின்றது. அவர் கண்ணைத் திறந்து ரைண்டரைப் பார்த்தார்.

அப்புறம் பாட்டுக்குழுப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். ஈரானியர்களின் வரிசை நின்றது. எந்தப் போதகரைத் தேடி நோர்டர்டைக்காரர்கள் இந்தக் கோயிலுக்கு வந்திருப்பார்கள் என்ற கேள்வி வரிசை வரிசையாகப் பின்னால் போனது, போன இடத்திலெல்லாம் ஜெபம் அடங்கியது. கடைசியில் சுல்மிரா அம்மாளின் குரல் மட்டும் மிச்சமிருந்தது. அவருக்கு ஆரம்பத்திலேயே புரிந்துவிட்டதாம், பிற்பாடு சொன்னார். புரிந்தும் நிறுத்தவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டு முடித்து, ஆமென் என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து மற்றவர்களும் ஆமென் என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்?

ரைண்டர் கண்ணை மூடியபடி நின்றார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்ததை ஹில்கே பார்த்தாள்.

*

ஆராதனை முடிந்து பக்கத்துக் கூடத்தில் சாப்பாடு. யாராவது கோபித்துக்கொண்டிருந்தால் ஹில்கேக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒருத்தர்கூடக் கோபிக்கவில்லை. ஹார்மின் தட்டில் சோற்றையும் மீன் குழம்பையும் மலையாகக் குவித்தார்கள். அவர் ஊரில் என்ன விளையும், குளிர் எப்படி இருக்கும், நம் போதகருக்குத் தொண்டை கட்டினால் நல்ல டாக்டர் உண்டா என்று விசாரித்தார்கள். க்வேகு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“உங்க ஊருக்கு டிராம் உண்டா?”

“டிராமா? பஸ்ஸே ரெண்டு மணிக்கு ஒண்ணு,” என்றார் ஹார்ம்.

“ஞாயித்துக்கிழமை?”

“ஞாயித்துக்கிழமை அதுவும் இல்லை.”

க்வேகு தலையாட்டிவிட்டுத் தன் தட்டைப் பார்த்துக்கொண்டார். போதகரைப் பார்க்கப் போகலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமையை விட்டால் இந்தச் சபையில் பலருக்கு வேறு லீவு கிடையாது.

ஃபென்னா அம்மாள் சுற்றி வளைக்காமல் ரைண்டரிடமே போனார். ஒளிவுமறைவெல்லாம் சபை நடுவே கப்பலேறிவிட்ட பிறகு இனி எதற்கு நாடகம் என்று நினைத்திருப்பார். தங்கள் மூவருக்கும் கலந்து பேச ஒன்றுமில்லை, அழைப்புக் கடிதம் இந்த வாரமே வரும், கிடைத்த நாளிலிருந்து வழக்கப்படி மூன்று வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார். பதினைந்து நிமிஷம் கொஞ்சம் குறைச்சல்தான், ஆனால் அதில் தண்ணீர் கலக்கவில்லை, தங்களுக்கு வந்த கடிதத்தில் சொன்ன மாதிரியேதான் இருந்தது என்றும் சேர்த்துக்கொண்டார்.

சமையலறை வாசலில் சுல்மிரா அம்மாள் ஹில்கேயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நியாயம் உன் பக்கம்தாம்மா. ஒரு வருஷம் எங்களுக்கு விட்டுக் கொடுத்தே. அதுவே பெரிசு.”

“உங்களுக்கு என் மேல கோபமே இல்லையா?”

“எனக்குத் தெரியாதா உன் கஷ்டம்? என் வீட்டுக்காரர் கப்பல்ல சமையல்காரர். வருஷத்துல நாப்பது நாள் வீட்டுல இருப்பார். மீதி நாளெல்லாம் வாசலையே பார்த்திட்டிருப்பேன்.” அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “வந்துட்டா மட்டும் என்ன? அந்த நாப்பது நாளும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு துறைமுகத்தையே பார்ப்பார். சோத்தைப் போட்டா சாப்பிடுவார். கூப்பிட்டா திரும்புவார். போய்யா, நீ கப்பலுக்கே போன்னு ஒரு நாள் கத்திட்டேன்.”

அதைச் சொல்லிவிட்டு அவர் சட்டி கழுவப் போய்விட்டார். ஹில்கே அங்கேயே நின்றாள்.

*

போதகர் அங்கி மாற்றும் சின்ன அறையில்தான் இருவருக்கும் தனிமை கிடைத்தது. கதவைச் சாத்தியதும் ரைண்டர் கேட்டார்.

“நீயா எழுதினே?”

“நான்தான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே ஹில்கே.”

“கேட்டா என்ன சொல்லியிருப்பே? பார்க்கலாம்னுவே. ஒரு வருஷமா பார்த்தாச்சு.” அவள் குரல் உயரவில்லை. “ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பண்றே. அவங்க வீட்டுச் சாவு, இவங்க வீட்டு விசான்னு சொல்லிட்டே பாதியில தூங்கிடறே. நான் போனை வைக்காம நீ மூச்சு விடறதைக் கேட்டுட்டுப் படுத்திருக்கேன். எனக்கு ஐம்பது வயசாகுது. போன்ல மூச்சுக் கேக்கறதுக்கா உன்னைக் கட்டிக்கிட்டேன்?”

ரைண்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜூன் மாதத்தில் மூப்பர்கள் கேட்டதை அப்போதுதான் சொன்னார். மறுத்துவிட்டாயா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். மூன்று மாதம் இதை வைத்துக்கொண்டு எப்படி என் முகத்தைப் பார்த்தாய் என்று கேட்டாள். சொன்னால் அவள் அழுவாள் என்று பயந்ததாகச் சொன்னார். யார் அழுவது, நானா நீயா என்றாள். வெளியே கூடத்தில் யாரோ பாட்டை ஆரம்பித்திருந்தார்கள்.

அவர் எழுந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். கன்றை இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய கைகள். அந்தக் கைகளைத் தினமும் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்தது. அது நிஜமான ஆசை, அதில் ஒரு துளி பொய் இல்லை.

“வரேன்,” என்றார். “கடிதம் வரட்டும். சரின்னு எழுதிடறேன். நான் வீட்டுக்கு வரேன் ஹில்கே.”

ஒரு வருஷமாக அவள் கேட்க நினைத்த வார்த்தை. ரயிலில், மாட்டுக் கொட்டகையில், ஒற்றைத் தலையணையில் இதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது காதில் விழுந்ததும் அழுகை வந்தது. அவர் மார்பில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அந்தக் கப்பல் சமையல்காரரை நினைத்தாள்.

“அவங்க எல்லாரும் ஜெபம் பண்ணும்போது நீயும் பண்ணினியே. என்னன்னு கேட்டே?”

“அதை எதுக்கு இப்போ?”

“சொல்லு.”

ரைண்டர் ஜெபத்தைப் பற்றி வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. இப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

“அவங்களுக்கு நல்ல போதகர் கிடைக்கணும்னு கேட்டேன்,” என்றார். “அது வேற யாராவதா இருக்கணும்னு கேட்டேன்.”

ஹில்கே தன் கைகளை விடுவித்துக்கொண்டாள்.

*

ஹார்மின் வண்டி கோயில் வாசலில் நின்றது. வழி ஒன்றுதானே, வந்தால் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறோம் என்று அவர் கேட்டதும் ஹில்கே சரி என்றுவிட்டாள். மணி இரண்டுகூட ஆகவில்லை. ஐந்து மணி ரயில் வரை இருப்பாள் என்று ரைண்டர் நினைத்திருந்தார். மூன்று மணி நேரம் கையில் இருப்பதாக நம்பியிருந்தவருக்கு மூன்று நிமிஷம்தான் கிடைத்தது.

“நான்தான் வரேன்னு சொல்லிட்டேனே,” என்றார் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு.

“சொன்னே. வேற யாராவது போகட்டும்னு கேட்டதும் நீதான்.” அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். “அந்த ரெண்டு ஆள்ல யாரை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது ரைண்டர்?”

முன் இருக்கையில் ஃபென்னா அம்மாளும் ஹார்மும் நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் யான் தன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். ராட்டர்டாமுக்குத் தெரியாமல் வந்து தெரியாமல் போகவேண்டிய கமிட்டி, போதகரின் மனைவியையே நடுவில் உட்கார வைத்துக்கொண்டு திரும்புகிறது.

அப்போது கோயிலை ஒட்டிய வீட்டின் மாடிப்படியிலிருந்து மாரிட் ஓடி வந்தாள். தோளில் துணிப்பை. அப்பாவின் பக்கம் பார்க்காமல், அவர் பிடித்திருந்த கதவு வழியே ஏறி அம்மாவின் அருகில் உட்கார்ந்தாள்.

“நீ எங்கடா கண்ணு?” என்றார் ரைண்டர்.

“அம்மாகூட போறேன். காலேஜுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு.” அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் அப்பாவைச் சீண்டும் அந்தப் பழைய துடுக்கும் இருந்தது. “ஒரு வருஷமா உனக்காவது நான் இருந்தேன்ப்பா. அம்மாவுக்கு யாருமில்லை. அது எப்படி இருக்கும்னு நீயும் ஒரு வாரம் இருந்து பாரு.”

வண்டி கிளம்பி, டிராம் பாதையைக் கடந்து, சந்தைப் பக்கம் திரும்பியது. கூடத்திலிருந்து க்வேகு வெளியே வந்து ரைண்டரின் பக்கத்தில் நின்றார்.

கடிதம் வந்த நாளிலிருந்து மூன்று வாரம் என்பது நோர்டர்டைக் சபை கொடுத்த கெடு. ஹில்கே எத்தனை நாள் கொடுத்திருக்கிறாள் என்பதை அவள் சொல்லவில்லை.